கரி அடுப்பு: இல்லை

அந்த உத்தரவு எங்கள் கட்டிடத்துக்கு வந்த அன்று கரண்ட் இல்லை. வார்டு ஆபீஸ் குமாஸ்தா மூன்றாம் மாடிக்கு இருட்டுப் படிகளில் தடவித் தடவி ஏறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி காகிதத்தை என் கையில் கொடுத்தார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் படித்தேன். இனிமேல் மாடிக் கட்டிடங்களுக்குள் விறகோ கரியோ எரிக்கக் கூடாது. காடுகளைக் காக்க வேண்டும், நகரத்தின் காற்றைச் சுத்தமாக வைக்க வேண்டும். ஆகவே எல்லோரும் மின்சார அடுப்புக்கு மாற வேண்டும். முடியாதவர்கள் நெல் உமியை அழுத்திச் செய்த உமிக்கட்டி எரிக்கலாம்.

"நல்ல உத்தரவுதான்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். கரிப்புகையில் கண் எரிந்தே பாதி ஆயுள் போயிருந்தது எனக்கு.

"நல்லதுதான் ஸயாமா" என்றார் அவர். ரங்கூனில் பள்ளி ஆசிரியை என்றால் ஊருக்கே ஸயாமாதான். "அதனால உங்க கட்டிடத்துக்கு நீங்கதான் பொறுப்பு."

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நானும் தம்பியும் அவன் மனைவியும் ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில், நான்கு மாடியும் எட்டு வீடுகளும் கொண்ட ஒரு கட்டிடத்தில் இருந்தோம். தம்பி ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். அவன் மனைவி அலோன் பக்கத்துப் பர்மியப் பெண். என்னிடம் 'அக்கா, அக்கா' என்று அரைகுறைத் தமிழில் பேசிப் பழகியிருந்தாள். எங்கள் கட்டிடத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். என் பர்மியக் கையெழுத்து அழகாக இருக்குமாம். அந்த அழகை நான் சபிக்காத மாதம் இல்லை.

உத்தரவோடு ஒரு படிவமும் இருந்தது. வீட்டில் எத்தனை அடுப்பு, எந்த வகை, எப்போது மாற்றப்பட்டது, குடும்பத் தலைவர் கையொப்பம். மூன்று பிரதிகள். எட்டு வீட்டுக்கும் ஏறி இறங்கினேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதை நான் குமாஸ்தாவிடம் கேட்டேன். பர்மிய மொழியில் நாங்கள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கோ, எங்க தெருவுக்கு ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் வருது. மறுநாள் காலைல கொஞ்ச நேரம். அதுக்கு அடுத்த நாள் வர்றதே இல்ல. வராத நேரத்துல எதுல சமைக்கிறது?"

அக்கோ என்றால் அண்ணா. என்னைவிட அவர் இரண்டு வயதாவது சிறியவராக இருப்பார். ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே.

அவர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கேள்வி இதுல இல்லையே ஸயாமா."

தம்பி ஒரு மின்சார அடுப்பு வாங்கி வந்தான். வட்டமான மண் தட்டில் கம்பிச் சுருள் பதித்தது. கரண்ட் வந்ததும் தெரு முழுக்க "மீ லாபி!" என்று கூச்சல் எழும். கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தம். மீ என்றால் நெருப்பு. கரண்டுக்கும் அதே சொல்தான். கூச்சல் அடங்குவதற்குள் எட்டு வீட்டிலும் அடுப்பைப் போடுவார்கள். கீழே மீட்டர் பெட்டியில் படார் என்று ஒரு சத்தம். ஃபியூஸ் போய்விடும். பிறகு வீடு வீடாகப் பேசி முறை வைத்துக்கொண்டோம். எங்கள் முறை வரும்போது வோல்டேஜ் இறங்கி, கம்பி மங்கிய செம்மையோடு நின்றுவிடும். பருப்பு ஊறும், வேகாது. ஒரு நாள் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, வேகாத பருப்பைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் நிற்க வைத்திருக்கிறேன்.

உமிக்கட்டியையும் விட்டுவைக்கவில்லை. குறிப்பிட்ட டிப்போவில் மட்டும் கிடைக்கும். வரிசையில் நின்று வாங்கி வந்தால், ஈரம் பட்ட கட்டிகள் கையிலேயே உதிரும். பற்றிக்கொண்டாலோ கரியைவிடப் புகை. அதைக் குமாஸ்தாவிடம் சொன்னபோது, "அது அனுமதிச்ச புகை" என்றார். சிரிக்காமல் சொன்னார். கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் எட்டு வீட்டுக்காரர்களும் செய்ததை நாங்களும் செய்தோம். மின்சார அடுப்பைத் துடைத்து முன்னால் வைத்துவிட்டு, பின்பக்கத்துச் சிறிய பால்கனியில் கரி அடுப்பில் சமைத்தோம். படிவத்தில் 'கரி அடுப்பு' என்ற கட்டத்தில் எட்டு வீட்டுக்கும் 'இல்லை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, தம்பி மனைவியின் அக்கா அலோனிலிருந்து வந்து இறங்கினாள். படகுத்துறை அருகே மொகிங்கா கடை போட்டிருந்தவள். மீன் குழம்பு ஊற்றிய சேமியாவை விடிகாலையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விற்று, மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் நான் 'மமா' என்பேன். ஒரு கையில் மஞ்சள் பொடி டப்பா, இன்னொரு கையில் வாயகன்ற மண் கணப்பு, பின்னால் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவை ஓட்டி வந்தவன் முதுகில் ஒரு மூட்டை கரி.

எனக்குப் புரிந்துவிட்டது. பர்மியர்களிடம் மீத்துவின் என்று ஒரு வழக்கம். பிள்ளை பெற்றவளை ஓர் அறைக்குள் வைத்து, ஜன்னல்களை மூடி, கணப்பு போட்டு, அறையைச் சூடாகவே வைத்திருப்பார்கள். உடம்புக்குள் குளிர் புகுந்தால் ஆயுசுக்கும் நோய் என்பது நம்பிக்கை. நம் வீடுகளிலும் காது மூடி, காத்துப் படாமல் வைப்பதுண்டே. ஆனால் இவ்வளவு நெருப்பு கிடையாது.

"மமா, இங்க கரி எரிக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு."

"உத்தரவு போட்டவன் பிள்ளை பெத்தானா?"

"அதில்ல. வெந்நீர்ப் பை வைக்கலாம். கம்பளி போத்தலாம்..."

"ஸயாமா, நீங்க நல்லாப் படிச்சவங்க" என்று அவள் கணப்பை அறைக்கு நடுவில் வைத்தாள். "பிள்ளை பெத்தது நான். மூணு தடவை. மூணு தடவையும் இதே நெருப்புதான்."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பியைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குள்ளும் ஒரு வீம்பு இருந்தது. கரண்ட்டைக் கொடுக்காமல் கரியைப் பிடுங்குகிற உத்தரவை மீறுவதில் ஒரு சின்னத் திருப்தி. சரி, எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மமா ஜன்னலுக்குப் போர்வை கட்டி ஆணி அடித்தாள். அறைக் கதவை மட்டும் எப்போதும் ஒரு சாண் திறந்து வைத்திருப்பாள். உள்ளே போய் வருகிற வசதிக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. தம்பி அச்சகத்துக்குப் போய்விட்டான். கரண்ட் இல்லாததால் மேலே தண்ணீர் ஏறவில்லை. மமா வாளிகளோடு கீழே தொட்டிக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் ஓடி வந்து, "ஸயாமா, சோதனைக்கு வராங்க! ரெண்டாம் மாடில இருக்காரு!" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தண்ணீர் தெளித்து கணப்பை அணைத்தால் புகை கிளம்பி வீடே நாறும். தூக்கி வெளியே வைக்கவும் முடியாது, கனன்றுகொண்டிருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தம்பி மனைவி குழந்தையை அணைத்தபடி படுத்திருந்தாள்.

"கொஞ்ச நேரம் கதவ மூடிக்கறேன். ஆபீஸ்காரர் வராரு. சத்தம் போடாம இரு" என்றேன்.

"சரி அக்கா. தலைதான் கொஞ்சம் வலிக்குது" என்றாள்.

"அவர் போகட்டும், தைலம் தேச்சு விடறேன்."

கதவைச் சாத்தினேன். கரி வாசம் வெளியே வரக் கூடாது என்று ஒரு குளிக்கிற துண்டை நனைத்து முறுக்கி, கதவின் அடியில் இடைவெளி இல்லாமல் செருகினேன். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவள் நான்.

குமாஸ்தா வந்தார். சமையலறையில் பளபளவென்று இருந்த மின்சார அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அது கல்போலக் குளிர்ந்து கிடந்தது. பிறகு கூடத்தில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். பேனா எழுதவில்லை. உதறினார். என் பேனாவைக் கொடுத்தேன். ஃபிளாஸ்கிலிருந்து வெறுந்தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"இந்தத் தண்ணி எப்பக் கொதிச்சது ஸயாமா?"

"நேத்து சாயங்காலம். கரண்ட் வந்தப்ப."

"நல்ல ஃபிளாஸ்க்" என்றார்.

போகமாட்டேன் என்கிறாரே என்று எனக்கு எரிச்சல். அவர் அவசரமே இல்லாமல் எட்டு வீட்டு அடுப்புகளையும் மறுபடி எண்ணி எழுதினார். மூன்று பிரதிகள். எழுத்துப் பிழை வந்தால் அடிக்கக் கூடாதாம், புதுப் படிவம் எடுத்தார். குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை. நல்ல பிள்ளை, சமயம் அறிந்து தூங்குகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு வாளித் தண்ணீரோடு மமா உள்ளே வந்தாள். மூடிய கதவையும் அடியில் இருந்த துண்டையும் பார்த்தாள்.

"யாரு மூடினது?"

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் ஜாடையைப் பார்க்கவே இல்லை. வாளிகளை அப்படியே போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினாள். தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. உள்ளேயிருந்து அவள் போட்ட சத்தம் தெருவரை கேட்டிருக்கும்.

தம்பி மனைவி முகம் சிவந்து, தலையணையில் வாந்தி எடுத்து, கண் பாதி திறந்தபடி கிடந்தாள். கூப்பிட்டால் கண் அசைந்தது, வேறொன்றும் அசையவில்லை. குழந்தை அவள் கைக்குள் துணிபோலத் தொய்ந்திருந்தது.

முதலில் அசைந்தவர் குமாஸ்தாதான். ஜன்னல் போர்வையை ஆணியோடு பிய்த்தெறிந்தார். "குழந்தைய எடுங்க! வெளிய! வெளிய!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் குழந்தையை வாரிக்கொண்டு முன்பக்கத்து பால்கனிக்கு ஓடினேன். அவரும் மமாவும் தம்பி மனைவியைத் தூக்கி வந்தார்கள். படிவங்கள் தண்ணீரில் மிதந்தன. அவற்றை மிதித்துக்கொண்டுதான் போனோம்.

குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தேன். முதுகைத் தட்டினேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அது ஒரு சின்னத் தும்மல்போல ஏதோ செய்தது. பிறகு இருமியது. பிறகு அழுதது.

குமாஸ்தா அதற்குள் கீழே ஓடி சைக்கா ஒன்றை நிறுத்தியிருந்தார். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் இருவரும் வீடு திரும்பினார்கள். அனுப்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூடின அறைல கரி எரிஞ்சா ஒரு விஷ வாயு வரும். வாசனை இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. ஆள் தூங்கற மாதிரியே போயிடுவாங்க. நீங்க டீச்சர்தானே? இது தெரியாதா?"

தெரியாது. உத்தரவை வரி விடாமல் படித்தவள் நான். அதில் காடு இருந்தது, நகரத்தின் காற்று இருந்தது. அறைக்குள் இருக்கும் காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "துண்டு யாரு வெச்சது?" என்று கேட்டான்.

"நான்தான்."

அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு உத்தரவைத் திட்டி ஆறியிருப்பேன்.

மமா திட்டினாள். நன்றாகவே திட்டினாள். நானும் விடவில்லை. "நெருப்பு யார் கொண்டாந்தது?" என்றேன். "மூணு பிள்ளைக்கும் வெச்சேனே, ஒண்ணும் ஆகலையே!" என்றாள். சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். எங்கள் சிமெண்டுச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுச் சுவர் மூங்கில் பாய் ஸயாமா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "காத்து அதுபாட்டுக்கு வரும், போகும். அதனாலதான் இங்க கதவத் தெறந்து வெச்சேன். ஏன்னு எனக்கே தெரியாது. மூடினா மூச்சு முட்டற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

கணப்பு வெளியே போனது. பால்கனியில் வெந்நீர் வைத்து, கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, துணி சுற்றித் தங்கையின் இரண்டு பக்கமும் அடுக்கினாள். அதையும் மஞ்சள் பூசுவதையும் நான் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் குமாஸ்தா காய்ந்து சுருங்கிய படிவங்களோடு வந்தார். குழந்தைக்கு ஒரு பால் டின் வாங்கி வந்திருந்தார். எங்கள் வீட்டு வரிசையைப் பார்த்தேன். 'கரி அடுப்பு: இல்லை.'

"அக்கோ, நீங்கதான் கண்ணால பாத்தீங்களே."

"பாத்தேன். 'இருந்தது'ன்னு எழுதினா, முன்னாடி 'இல்லை'ன்னு எழுதிக் கொடுத்த உங்களையும் எழுதணும். இருக்கட்டும் விடுங்க."

"என்னை விடுங்க. கரி எரிச்சா ஜன்னலத் தெறந்து வையுங்கன்னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. ஒரே வரி. இந்த வார்டுல எத்தனை வீட்ல பிள்ளை பிறக்குது!"

எழுதித் தாருங்கள் என்றார். அன்றே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நடந்ததை, எங்கள் வீட்டில் என்று சொல்லாமல், ஒரு வீட்டில் என்று எழுதினேன். பதினைந்து நாள் கழித்து அதே காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஏத்துக்க முடியாதாம் ஸயாமா. கரி எரிக்கறதே தடை. தடை செஞ்சதை எப்படி எரிக்கணும்னு ஆபீஸ் அறிவுரை சொல்ல முடியாதாம்."

"ஆனா எரிக்கறாங்களே!"

"எரிக்கறது இல்ல. படிவத்துல பாருங்க. மொத்த வார்டுலயும் ஒரு கரி அடுப்பு கூட இல்ல."

அந்தப் படிவங்களில் எட்டு வரி நான் எழுதியது. கத்த வேண்டும் போலிருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது? ஜன்னலைத் திறக்கச் சொல்லும் அந்த வரியை நானே பர்மிய மொழியில் எட்டுக் காகிதத்தில் எழுதி, கீழ் வீட்டுத் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெரியவருக்காகத் தமிழிலும் ஒன்று எழுதி, படிக்கட்டுச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாளில் குமாஸ்தா வந்தார். அனுமதி இல்லாத அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று சொல்லி, என்னைப் பார்க்காமலே தன் கையால் ஒவ்வொன்றாகக் கிழிக்காமல் உரித்தெடுத்தார். உரித்ததை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு அது?" என்றேன், கோபத்தோடு.

"எங்க வீட்ல என் தங்கச்சிக்கு அடுத்த மாசம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் எதையும் எழுதவில்லை. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நேரில் போய் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர், குழந்தை பெறாத ஸயாமாவுக்கு என்ன தெரியும் என்று கதவருகிலேயே தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. சோதனை மட்டும் குறைந்து குறைந்து நின்றது. டிப்போவில் உமிக்கட்டிக்குப் பதில் வேறு ஏதோ விற்றார்கள். குமாஸ்தா மிங்கலாடோன் பக்கம் மாற்றலாகிப் போனதாகக் கேள்விப்பட்டேன். கரண்ட் எப்போதும்போல நினைத்தபோது வந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஏதோ வேலையாக அலோனுக்குப் போனவள் மமாவின் கடையில் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கர்ப்பிணிப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மமா கரண்டியை ஆட்டி ஆட்டி அவளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். மூடிய அறை, மஞ்சளாய் எழுந்த விஷப் புகை, நீலமாகிப்போன குழந்தை. நடந்ததைவிட எல்லாம் ஒரு மடங்கு பெரிதாக இருந்தது.

"மமா, அந்த வாயுவுக்கு நிறமே கிடையாது" என்று திருத்தினேன்.

"நிறம் இல்லன்னா யாரு பயப்படுவா?" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "இவங்கதான் அந்த ஸயாமா. கதவ மூடினது இவங்கதான்!" என்று கரண்டியால் என்னைக் காட்டினாள்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"ஸயாமா, ஜன்னலை எவ்வளவு தெறக்கணும்?"

இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினேன்.